ஒரு கட்டம் தள்ளிப் போட்ட கோடு

செப்டம்பர் 28

மைதான ஸ்கோரர் அவர்களுக்கு,

ஆட்சேபம் எழுத்தில் இருக்க வேண்டும், ஆட்டம் முடிந்த பத்து நாளுக்குள் ஸ்கோரர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று லீக் விதி சொல்கிறது. அந்த விதி மட்டும் இல்லையென்றால் உங்களுக்கு எழுதும் கஷ்டம் எனக்கும் அதைப் படிக்கும் கஷ்டம் உங்களுக்கும் வந்திருக்காது. என் போன் நம்பரை நீங்கள் தடுத்து வைத்து இரண்டு வருஷமாகிறது என்பதையும் இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மைதானத்தில் நடந்த பேஸ்பால் சீசனின் கடைசி ஆட்டம். ஏழாவது இன்னிங்ஸ், மூன்றுக்கு மூன்று சமம். இரண்டு பேர் அவுட், பேஸில் ஒருவரும் இல்லை. பந்தை எறியும் பிட்சர் நான்தான். ஒரு பேட்டருக்குப் பாதி போட்டுக்கொண்டிருக்கும்போதே எங்கள் கோச்சுக்கு என்ன தோன்றியதோ, நடந்து வந்து பந்தைக் கேட்டார். எனக்குப் பதிலாக இடதுகைக்காரர் வந்து மிச்சத்தைப் போட்டார். அவர் கையில் நாலாவது தப்புப் பந்தும் போய்விட்டது. நாலு தப்புப் பந்து போனால் பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடக்கலாம், நடந்தான். அடுத்தவன் அடித்த அடியில் அவன் முழுச் சுற்றும் ஓடி வந்து ரன் எடுத்தான். அந்த ஒரு ரன்னில் தோற்றோம்.

தோல்வியை யாராவது ஒரு பிட்சர் பேரில் எழுதியாக வேண்டும். என் பேரில் எழுதியிருக்கிறீர்கள். நான் பந்தைக் கொடுத்துவிட்டு வெளியேறும்போது இரண்டு தப்புப் பந்து, ஒரே ஒரு நல்ல பந்து, அதாவது ஒரு ஸ்ட்ரைக், என்று உங்கள் புத்தகத்தில் இருக்கிறதாம். அது பொய். இரண்டு தப்புப் பந்து, இரண்டு ஸ்ட்ரைக். இரண்டுக்கு இரண்டு என்றால் அந்த நடை புதிதாக வந்தவர் பேரில் போக வேண்டும், ரன்னும் தோல்வியும் அதன் பின்னாலேயே போக வேண்டும். இது உங்களுக்கே தெரியும்.

இதில் என்ன குடிமுழுகிப் போய்விட்டது என்று கேட்பீர்கள். ஜெயித்தது தோற்றதைவிட ஒன்றாவது கூட இல்லாத பிட்சரை என் கிளப் அடுத்த வருஷம் வைத்துக்கொள்வதில்லை. பத்து வெற்றி, ஒன்பது தோல்வி என்றிருந்தேன். உங்கள் பேனா பத்துக்குப் பத்து ஆக்கிவிட்டது. கூட்டம் அக்டோபர் 25. அதற்குள் திருத்தவும்.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் தம்பி


அக்டோபர் 1

ஆட்சேபதாரருக்கு,

முன்னாள் தம்பி என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. முன்னாள் பிட்சர் உண்டு. அது நீ சீக்கிரமே ஆகிவிடுவாய் போலிருக்கிறது.

உனக்கு விதி தெரியாது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன், இருவருக்கும் சுலபம். பேட்டரின் கை ஓங்கியிருக்கும் நேரத்தில் ஒரு பிட்சரை மாற்றினால், அப்புறம் வரும் நடை பழைய பிட்சர் பேரில். அவன் கெடுத்து வைத்ததை அடுத்தவன் தலையில் கட்ட முடியாது. இரண்டுக்கு ஒன்று என்றால் பேட்டரின் கை ஓங்கியிருக்கிறது. இரண்டுக்கு இரண்டு என்றால் இல்லை. என் புத்தகத்தில் அந்தக் கட்டத்தில் மூன்று புள்ளிகள் இருக்கின்றன. இரண்டு கறுப்பு, ஒன்று நீலம். மூன்று புள்ளிக்கு மூன்று பந்து. நாலாவது பந்தை நீ கனவில் போட்டிருப்பாய்.

பிட்சர் மாறும் இடத்தில் நான் கட்டங்களுக்கு நடுவில் சிவப்பில் ஒரு கோடு போடுகிறேன். கோட்டுக்கு மேலே இருப்பது போனவனுக்கு, கீழே இருப்பது வந்தவனுக்கு. பன்னிரண்டு வருஷமாகப் போடுகிறேன். ஒரு கோடுகூட இடம் தப்பியதில்லை. கோச்சுகள் கத்தியிருக்கிறார்கள், ஒருவர் காபிக் கோப்பையை எறிந்திருக்கிறார், கோடு அங்கேயேதான் இருந்தது. நீ மட்டும் கடிதம் போட்டதும் அது நகர்ந்துவிடும் என்று யார் சொன்னார்கள்?

ஆட்சேபம் நிராகரிக்கப்படுகிறது.

மைதான ஸ்கோரர்

பின்குறிப்பு: மைதானத்திலிருந்து வீட்டுக்குப் பதினைந்து நிமிட நடை. இந்த சீசனில் இரண்டு முறை இங்கே வந்தாய், முதல் ஆட்டத்துக்கு ஒன்று, கடைசி ஆட்டத்துக்கு ஒன்று. இது ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாதது, அதனால் கீழே எழுதியிருக்கிறேன்.


அக்டோபர் 5

அக்கா,

மரியாதை போதும். எனக்கும் கை வலிக்கிறது.

உன் கடிதத்தை எங்கள் டிரெஸ்ஸிங் ரூமில் சத்தமாகப் படித்தேன். இடதுகைக்காரர் கேட்டுவிட்டு, "உங்க அக்கா ஸ்கூல் டீச்சரா?" என்றார். "இல்ல, ஸ்கூல் ஆபீஸ்ல கிளார்க். ஆனா நெனப்பு சுப்ரீம் கோர்ட்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் தெரிந்துகொள்.

பன்னிரண்டு வருஷமாகப் பந்தைப் பார்க்கிறாய், ஒரு பந்து போட்டதில்லை. ஸ்கோர் பெட்டிக்குள் ஃபேனுக்குக் கீழே, மூன்று நிறப் பேனாவை அடுக்கி வைத்துக்கொண்டு, வெயிலில் நிற்கிறவனின் தலையெழுத்தை எழுதுகிற உத்தியோகம் உனக்கென்றே செய்ததுதான். சின்ன வயதிலிருந்தே நீ அதைத்தானே செய்கிறாய். ஜன்னல் கண்ணாடி உடைந்தால் என் பேர். அம்மா இருந்த காலத்தில் அவருக்குத் தலைவலி வந்தால் என் பேர். அப்பா பாத்ரூமில் விழுந்த அன்றைக்கு நான் ஊரிலேயே இல்லை, வெளியூரில் ஆட்டம். அதையும் என் பேரில்தான் எழுதினாய். "நீ போன கவலையிலதான் அவருக்கு இப்படி ஆச்சு" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில், நர்ஸ் முன்னால் சொன்னாய். நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது.

ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று கேட்கிறாயா? வந்தால் வாசலிலேயே ஸ்கோர் ஷீட்டை நீட்டுவாய். அதனால்தான். இங்கே டயர் கடை மாடியில் ஒரு அறை, மூன்று கட்டில், ஒரு குழாய். கோர்ட்டில்லாத வீடு. அதுவே போதும்.

ஒரே ஒரு காரியம் செய். உங்கள் ஊர் கிளப்பில், எதிரணி பிட்சர் போடும் ஒவ்வொரு பந்தையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பார்கள், அடுத்த முறை எங்களை அடிப்பதற்கு. அவர்களுக்கு என்மேல் பாசம் கிடையாது. அந்த நோட்டைப் போய்ப் பார். பயமாக இருந்தால் வேண்டாம்.

தம்பி


அக்டோபர் 9

தம்பி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். பதவி உயர்வு போலிருக்கிறது.

நான் ஸ்கோர் பெட்டியில் ஃபேனுக்குக் கீழே உட்காருவது வாரத்தில் மூன்று மணி நேரம். மிச்ச நேரம் எங்கே இருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். காலை ஐந்தரைக்கு அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அவர் வலது பக்கம் அசையாது, அதனால் பாரம் முழுக்க என்மேல் விழும். துணியை மாற்றி, முகம் துடைத்து, கரண்டியால் கஞ்சி கொடுத்து, வாயோரம் வழிவதைத் துடைத்துவிட்டு ஆபீஸ் போகிறேன். பக்கத்து வீட்டு அம்மா மதியம் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். அப்பாவுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம் இருக்கிறது, "சரி." பசிக்கிறதா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. திங்கட்கிழமை பேப்பரில் உன் பேருக்கு நேரே வரும் எண்களைப் படித்துக் காட்டுவேன். அதற்கும் சரி. கடைசி ஆட்டத்துக்கு மறுநாள் உன் தோல்வியைப் படித்தேன். சரி என்றார். நல்ல ரசிகர் உனக்கு.

நீ பிட்சர், உனக்கு இன்னொரு விதியும் தெரிந்திருக்க வேண்டும். பேஸில் ஆளை நிற்க வைத்துவிட்டு ஒரு பிட்சர் இறங்கிப் போனால், அந்த ஆள் அவனுடைய ஆள். அடுத்து வந்தவன் எப்படிப் போட்டாலும், அந்த ஆள் எடுக்கும் ரன் போனவன் பேரில். நான் உள்ளே வந்தபோது ஆள் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தார், துரையே. நீ நிற்க வைத்துவிட்டுப் போன ஆள், அப்பா. மூன்று வருஷமாக நான் போடுகிறேன்.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு நீ எத்தனை நாள் இருந்தாய் என்று நினைவிருக்கிறதா? பதினோரு நாள். அதிலும் நாலு நாள் பயிற்சி. "ஒரே ஒரு சீசன், அப்புறம் வந்துடறேன்" என்று பையைத் தூக்கினாய். நீ போன ஆறாம் நாள், தலைநகர லீக்கிலிருந்து எனக்கு ஸ்கோரர் வேலைக்கு உத்தரவு வந்தது. அதை மடித்து அப்பாவின் மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்தேன். டப்பா ஆடாமல் நிற்க அது உதவியது.

விதிப் புத்தகத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. மாற்றாக வந்தவர் கொஞ்ச நேரமே நின்று, அதிலும் உருப்படியாக ஒன்றும் செய்யாமல் போனால், கணக்குப்படி வெற்றி அவர் பேருக்கு வந்தாலும் ஸ்கோரர் அதைக் கொடுக்க வேண்டியதில்லை. கொஞ்ச நேரம், உருப்படியில்லை. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உன் முகம்தான் வரும்.

நோட்டைச் சனிக்கிழமை பார்க்கிறேன். உன் வாயை அடைப்பதற்காக மட்டும்.

அக்கா


அக்டோபர் 12

அக்கா,

உத்தரவு கதை நன்றாக இருக்கிறது. உண்மையைச் சொல்லட்டுமா? அப்பா விழாமல் இருந்திருந்தாலும் நீ போயிருக்க மாட்டாய். அங்கே இருபதாயிரம் பேர் பார்க்கும் ஆட்டத்தில் கோடு போட வேண்டும், தப்பானால் மறுநாள் பேப்பரில் வரும். இங்கே இருநூறு பேர், அதில் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். உனக்குச் சாக்கு வேண்டியிருந்தது. அப்பா கிடைத்தார்.

நான் ஓடிப்போனவன், சரி. நீ ஒளிந்துகொண்டவள். அதற்குப் புத்தகத்தில் விதி இருந்தால் எழுதி அனுப்பு.

தம்பி


அக்டோபர் 16

தம்பி,

இரண்டு நாளாக உன் கடிதத்துக்குப் பதில் யோசித்தேன். நாலு பதில் எழுதிக் கிழித்தேன், நாலும் இதைவிட நன்றாக இருந்தன.

நோட்டைப் பார்த்தேன். நீ சொன்னதுதான். இரண்டுக்கு இரண்டு. நாலாவது பந்து ஸ்ட்ரைக். என் புத்தகத்தில் அந்தப் புள்ளி இல்லை. ஏன் இல்லை என்றும் யோசித்துப் பார்த்தேன். அந்தப் பந்தைப் போட்டதும் நீ வலது தோளைப் பிடித்துக்கொண்டாய், கால் நொடிதான். உடனே கையை எடுத்துவிட்டு எதுவும் நடக்காத மாதிரி தொப்பியைச் சரிசெய்தாய். உங்கள் கோச் அதைப் பார்த்துத்தான் வந்தார், அது உனக்கும் தெரியும். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து எங்கே போனது, அம்பயர் எந்தக் கையைத் தூக்கினார் என்று பார்க்கவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு பந்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். பெருமைப்படாதே. ஸ்கோரருக்கு அது வெட்கக்கேடு.

அந்த ரன்னும் தோல்வியும் இடதுகைக்காரர் பேருக்கு மாறுகின்றன. திருத்தம் நேற்று லீக்குக்குப் போய்விட்டது. பத்துக்கு ஒன்பது. கிளப் உன்னை வைத்துக்கொள்ளும்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு பக்கம் தப்பு என்றதும் மற்ற பக்கங்களைச் சரிபார்க்காமல் என்னால் தூங்க முடியாது. இந்த வருஷப் புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினேன். முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 6, முதல் ஆட்டம். மூன்று வருஷம் கழித்து உன்னை அன்றுதான் பார்த்தேன். ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சர் நீ; ஐந்தாவது இன்னிங்ஸில், இரண்டு அவுட் ஆன பிறகு உன்னை வெளியே எடுத்தார்கள். நாலுக்கு ஒன்று என்று உன் அணி முன்னால் இருந்தது. தொடங்கிய பிட்சருக்கு வெற்றி கிடைக்க முழுதாக ஐந்து இன்னிங்ஸ் போட்டிருக்க வேண்டும், பதினைந்து அவுட். உன்னிடம் பதினாலு. நீ தலையைக் குனிந்துகொண்டு, அப்பா அந்த நாளில் நடந்த மாதிரியே கொஞ்சம் இடது பக்கமாகச் சாய்ந்து நடந்து போனாய். இடதுகைக்காரர் வந்தார். பேட்டருக்கு ஒரு பந்துகூடப் போடவில்லை. திரும்பி முதல் பேஸுக்கு எறிந்தார், அங்கே நின்றவன் அவுட். இன்னிங்ஸ் முடிந்தது.

அந்த அவுட் அவருடையது. சிவப்புக் கோடு அதற்கு முன்னால் வர வேண்டும். நான் அதற்குப் பின்னால் போட்டிருக்கிறேன். ஒரு கட்டம் தள்ளி. உனக்குப் பதினைந்து ஆகிவிட்டது, வெற்றியும் வந்துவிட்டது. மிச்ச ஆட்டம் முழுக்க உழைத்தவர் இடதுகைக்காரர், அந்த வெற்றி அவருக்குப் போயிருக்க வேண்டும். அவசரத்தில் கை தவறியது என்று ஆறு மாதம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். என் கை தவறாது என்று எனக்குத் தெரியும்.

ஆக, நீ திட்டித் தீர்த்த நீதிபதி இந்த சீசன் முழுக்க உனக்காகப் பொய் எழுதி வைத்திருந்தவள். சிரித்துக்கொள், டிரெஸ்ஸிங் ரூமில் படித்துக் காட்டு.

அதைத் திருத்தினால் நீ ஒன்பதுக்கு ஒன்பது. இனி யாரும் ஆட்சேபிக்க முடியாது, பத்து நாள் ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. ஸ்கோரர் ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது வெற்றி பெற்ற பிட்சரே வேண்டாம் என்று எழுத வேண்டும். வேறு வழியில்லை. திருத்தக் கடிதத்தை எழுதிவிட்டேன். உறையில் போட்டு மேஜைமேல் வைத்திருக்கிறேன். மூன்று நாளாக ஒட்டவில்லை. எத்தனை கேவலம் பார், உன்னைக் கண்டால் எனக்கு ஆகவில்லை, இந்த உறையையும் ஒட்ட முடியவில்லை.

ஒளிந்துகொண்டவள் என்று எழுதியிருந்தாய். பாதி சரி. எந்தப் பாதி என்று சொல்ல மாட்டேன்.

அக்கா


அக்டோபர் 26

அக்கா,

நீ அந்த உறையை ஒட்ட மாட்டாய் என்று தெரியும். அதனால் 19ஆம் தேதியே நான் லீக்குக்கு எழுதிவிட்டேன். ஏப்ரல் 6 வெற்றி என்னுடையது அல்ல, எனக்குப் பதினாலு அவுட்தான், ஸ்கோரர் பார்க்கும் கோணத்தில் பிட்சர் மாறியது தெரிந்திருக்காது என்று எழுதினேன். கடைசி வரி பொய். உனக்குத்தான் பொய் எழுத வருமா?

நீ சொல்லித் தெரிந்துகொண்ட விஷயம் என்று நினைக்காதே. அன்றைக்கு டக்அவுட் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பிட்சருக்குத் தன் அவுட்டை எண்ணத் தெரியாதா? மறுநாள் பேப்பரில் ஐந்து இன்னிங்ஸ் என்று பார்த்ததும் இடதுகைக்காரர் என்னிடம் வந்து, "அந்த கடைசி அவுட் யாரோடது தம்பி?" என்று கேட்டார். "ஸ்கோரர் எழுதினா சரியாத்தான் இருக்கும்ணே" என்றேன். அவருக்கு முப்பத்தெட்டு வயது. இந்த சீசனில் அவர் பேரில் ஒரு வெற்றிகூட இல்லை. அவர் போய் பூட்ஸ் கழற்றினார். ஆறு மாதம் பக்கத்துக் கட்டிலில் அவர் குறட்டையைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அதற்கப்புறம்தான் உனக்கு, அந்த நாலாவது பந்துக்காக, நியாயம் பேசிக் கடிதம் எழுதினேன். இதைவிடக் கேவலமாக ஒன்று உன்னிடம் இருந்தால் காட்டு பார்க்கலாம்.

ஒரே வாரத்தில் அவர் பேரில் ஒரு தோல்வியும் ஒரு வெற்றியும் ஏறின. கிளப் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் அதைப் பார்த்துவிட்டு, "உங்க குடும்பச் சண்டைக்கு நான்தான் கெடைச்சனா?" என்றார். அந்த நோட்டீஸை மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கொடுத்துவிடுங்கள் என்று ஆபீஸ்காரர் கேட்டதற்குத் தரவில்லை.

நேற்று கூட்டம். ஒன்பதுக்கு ஒன்பது. இரண்டு நிமிஷம் பேசினார்கள், அதில் ஒரு நிமிஷம் ஜன்னலைச் சாத்தச் சொல்லி. நான் இனி அங்கே இல்லை. கட்டிலைக் காலி செய்ய ஒரு வாரம் கொடுத்தார்கள், ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன்.

என்மேல் பரிதாபப்பட்டு எதுவும் எழுதாதே, படிக்க மாட்டேன். உன்னைப் பற்றி என் அபிப்பிராயம் மாறவில்லை. நீ கர்வக்காரி. உன் பின்குறிப்பு மேலே உள்ள கடிதத்தைவிட விஷம். ஆனால் மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்த அந்தத் தாளை எடு. தேதி போயிருக்கும், திரும்ப அவர்களுக்கு எழுது. இப்போது உன்னிடம் சாக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி பஸ்ஸில் வருகிறேன். மைதானத்து ஸ்டாப்பில் இறங்கி நடந்தே வருவேன், பதினைந்து நிமிஷம், நீ எண்ணி வைத்ததுதானே. அப்பாவைத் தூக்க எந்தத் தோள் என்று கேட்காதே, இடது நன்றாகவே இருக்கிறது. கொஞ்ச நேரம், உருப்படியில்லை என்று ஆகாமலிருக்க எத்தனை நாள் நிற்க வேண்டும் என்று உன் விதிப் புத்தகத்தில் இல்லை, பார்த்தேன். நின்று பார்க்கிறேன்.

வாசலில் ஸ்கோர் ஷீட்டோடு நிற்பாய், நில். ஆனால் இந்த முறை கோட்டைச் சரியான இடத்தில் போடு, நான் உள்ளே கால் வைப்பதற்கு முன்னால். அதற்கு மேலே நீ உழைத்த மூன்று வருஷமும் உன் பேரில். ஒரு அவுட்கூட எனக்குத் தள்ளிவிடாதே.

தம்பி